ஆர்கானிக் பருத்தி உடை: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். ஆர்கானிக் என்று பேச்சு வந்தாலே குழந்தைக்குத் துணி வாங்குகிறவர்கள், ஆன்லைனில் கடை போட நினைப்பவர்கள், ஊர்ப்பக்கம் காடு, அதாவது விவசாய நிலம், வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் என்று எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

1. பருத்தியே செடியில விளையறதுதானே, அதுல தனியா என்ன ஆர்கானிக்?

விளைவது செடியில்தான், ஆனால் அந்தச் செடிக்கு என்ன போட்டு வளர்த்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மரபணு மாற்றாத விதை, யூரியா மாதிரி ரசாயன உரம் கிடையாது, ரசாயனப் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் கிடையாது, அப்புறம் இதையெல்லாம் வெளியாள் ஒருவர் வந்து பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும். நேற்றுவரை மருந்தடித்த நிலத்தில் இன்று நிறுத்திவிட்டு நாளைக்கே ஆர்கானிக் என்று விற்க முடியாது, எந்த நாட்டு விதியின் கீழ் சான்று வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து 2 முதல் 3 ஆண்டு மாற்றுக்காலம் உண்டு.

காய்ப்புழுவைக் கொல்லும்படி மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது 2002இல். இன்று பருத்தி விளையும் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் அதுதான். அதனால் மரபணு மாற்றாத நல்ல விதை கிடைப்பதே ஆர்கானிக் விவசாயிக்கு முதல் போராட்டம். பக்கத்துக் காட்டிலிருந்து மகரந்தம் வந்து கலக்காமல் பார்த்துக்கொள்வது இரண்டாவது.

2. மருந்தே அடிக்கலன்னா புழு மொத்தத்தையும் தின்னுட்டுப் போயிடாதா?

ஒன்றுமே செய்யாமல் விட்டால் தின்றுவிடும். ஆர்கானிக் விவசாயி சும்மா இருப்பதில்லை, மற்றவர்களைவிட அதிக நேரம் காட்டில்தான் நிற்கிறார். வரப்போரம் ஆமணக்கு நட்டால் புகையிலைப் புழுவின் தாய் அந்துப்பூச்சி அந்த அகல இலையில் முட்டை வைக்கும், இலையோடு கிள்ளி எடுத்து அழித்துவிடலாம். தட்டைப்பயறை ஊடுபயிராகப் போட்டால் அதில் அசுவினி ஏறும், அசுவினியைத் தின்ன பொறிவண்டு வரும், வந்த வண்டு பருத்தியில் இருக்கும் அசுவினியையும் பார்த்துக்கொள்ளும். வெண்டையும் சாமந்தியும் காய்ப்புழுவைத் தங்கள் பக்கம் இழுக்கும். இது போக இனக்கவர்ச்சிப் பொறி, வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி, ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் எல்லாம் உண்டு.

எல்லா வருஷமும் இது ஜெயிக்கும் என்று சொல்ல மாட்டேன், பூச்சி மிஞ்சிப்போன வருஷம் நஷ்டம் வரத்தான் செய்யும். ஆனால் ரசாயனப் பக்கமும் நிம்மதி இல்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி. பருத்தியையே தாங்கப் பழகிவிட்டது. 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலிக்காரர்களும் இருபது பேருக்கு மேல் நச்சேறிச் செத்துப்போனார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஆர்கானிக் பருத்தியால் முதலில் பிழைப்பது உடுத்துகிறவர் இல்லை, மருந்து டேங்கை முதுகில் சுமக்கிறவர்தான் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

3. விளைச்சல் குறையுமே, அப்புறம் விவசாயிக்கு என்ன லாபம்?

குறைவது உண்மைதான், அதை மறைத்துப் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம். மத்தியப் பிரதேசத்தில் நர்மதைப் பள்ளத்தாக்கில் 2007 முதல் ஒரு நீண்டகாலச் சோதனை நடக்கிறது, ஆர்கானிக், சாதா, பி.டி. எல்லாவற்றையும் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் வளர்த்துப் பார்க்கிறார்கள். ஆர்கானிக்கில் பருத்தி மகசூல் குறைவாகத்தான் வந்தது. ஆனால் உரம், மருந்துச் செலவும் கூடவே இறங்கியதால் கையில் நிற்கும் பணத்தில் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. கடன் வாங்கி மருந்து வாங்குகிற மானாவாரி விவசாயிக்குச் செலவு குறைவது சாதாரண விஷயமில்லை, மழை பொய்த்தாலும் கடன் கழுத்தை நெரிக்காது.

ரொம்பக் கஷ்டம் மாற்றுக்காலத்தில்தான். விளைச்சல் இறங்கியிருக்கும், ஆனால் ஆர்கானிக் விலை இன்னும் கிடைக்காது. அந்த இரண்டு மூன்று வருஷத்துச் சரக்கையும் கூடுதல் விலைக்கு எடுத்துக்கொள்கிற பிராண்டுகளைத்தான் நான் மதிக்கிறேன். சான்று வந்த பிறகு வாங்க வரிசையில் நிற்க நிறையப் பேர் உண்டு.

4. இந்தப் பருத்தி எங்க விளையுது? நம்ம ஊர்லயா?

பெரும்பாலும் இல்லை. உலகிலேயே அதிகமாக ஆர்கானிக் பருத்தி விளையும் நாடுகளில் இந்தியா முன்வரிசை. இங்கே மத்தியப் பிரதேசம், ஒடிசா, மகாராஷ்டிரா, குஜராத், ராஜஸ்தான்தான் முக்கியம். பஞ்சு அங்கிருந்து நம் நூற்பாலைகளுக்கு வருகிறது, நூல் திருப்பூருக்கு வருகிறது.

தமிழ்நாட்டில் தூத்துக்குடி, விருதுநகர் பக்கத்துக் கரிசலில் கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி இருக்கிறது. மழையை மட்டும் நம்பி விளையும், பூச்சியையும் வறட்சியையும் நன்றாகத் தாங்கும். இழை குட்டை என்பதால் இன்றைய நூற்பாலை மெஷினுக்கு ஒத்துவராது, கைராட்டைக்கும் கைத்தறிக்கும் பொருந்தும். சென்னையில் துலா என்ற அமைப்பு இந்த மாதிரி மானாவாரி நாட்டுப் பருத்தியை வாங்கிக் கையால் நூற்று நெய்து உடையாக்குகிறது. நாம் இங்கே பேசும் டி-ஷர்ட், பாடி சூட் உலகம் வேறு, அது வேறு. இரண்டும் தேவை.

5. லேபிள்ல ஆர்கானிக்னு போட்டிருந்தா நம்பிடலாமா?

வெறும் அந்த வார்த்தைக்கு மதிப்பில்லை, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஜிஓடிஎஸ் என்ற உலகத் தரநிலையின் லோகோ இருக்கிறதா பாருங்கள், எங்கள் ஊரில் அதைக் காட்ஸ் என்றே சொல்வோம். அதில் இரண்டு தரம்: 95 சதவீதத்துக்குக் குறையாமல் ஆர்கானிக் இழை இருந்தால் ‘ஆர்கானிக்’, 70க்குக் குறையாமல் இருந்தால் ‘ஆர்கானிக் கலந்து செய்தது’. லோகோ பக்கத்தில் எந்தத் தரம், சான்று கொடுத்த நிறுவனம் எது, உரிம எண் என்ன என்று மூன்றும் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் காட்ஸின் பொதுத் தரவுத்தளத்தில் தட்டினால் கம்பெனி பெயர் வரும். வரவில்லை என்றால் அந்தத் துணியை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இதற்குப் பின்னால் ஓடுவது டிசி என்று நாங்கள் சொல்லும் பரிவர்த்தனைச் சான்று. ஜின்னிங் (பருத்தியிலிருந்து விதையைப் பிரிப்பது), நூற்பாலை, நிட்டிங், சாயப்பட்டறை, தையல் என்று சரக்கு கை மாறும்போது அதில் விற்றவர், வாங்கியவர், லாட் எண், எடை, இன்வாய்ஸ் எண் எல்லாம் ஏறும். ஆயிரம் கிலோ நூலுக்கு டிசி வாங்கியவர் ஆயிரத்து இருநூறு கிலோ துணிக்குக் கேட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வார். நிட்டிங் பட்டறைக்குள் போனால் ஆர்கானிக் நூல் சுற்றிய கோன்கள் தனி ரேக்கில், வேறு கலர் அட்டைக் கோனில், லாட் கார்டு கட்டியபடி இருக்கும். சாதா நூலோடு கலந்து வைத்திருந்தால் தணிக்கையில் எழுதிவிடுவார்கள்.

6. இவ்வளவு பேப்பர் எதுக்கு? லேப்ல கொடுத்து டெஸ்ட் பண்ணா தெரிஞ்சிடாதா?

விதையிலும் பஞ்சிலும் மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க முடியும், 2019இல் அதற்கென்றே ஒரு சர்வதேச வழிமுறையும் வந்தது. ஆனால் துணியைக் காய்ச்சி, வெளுத்து, சாயம் ஏற்றிய பிறகு டி.என்.ஏ. சிதைந்துபோகும். பூச்சிமருந்து எச்சமும் அதே காய்ச்சலில் கழுவிப்போகும். கடையில் தொங்கும் சட்டையை வெட்டிக் கொடுத்து ‘இது ஆர்கானிக்கா’ என்று கேட்டால் எந்த லேபும் உறுதியாகச் சொல்லாது. அதனால்தான் மேலே 5இல் சொன்ன காகிதச் சங்கிலி இவ்வளவு முக்கியமாகிறது.

7. அந்த சர்டிபிகேட்டையே போலியா அடிக்கறாங்களாமே?

அடித்திருக்கிறார்கள். 2020 அக்டோபரில் காட்ஸ் அமைப்பே வெளியில் சொன்னது: இந்தியாவில் சுமார் 20,000 டன் பஞ்சுக்குப் போலி டிசி. அரசுத் தளம் மாதிரியே ஒரு பொய்யான தளம் செய்து, சான்றில் இருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அங்கே போகிற மாதிரி வைத்திருந்தார்கள். சிக்கலைக் கவனித்தீர்களா? ஜின்னிங்குக்குப் பிறகு வருகிற ஒவ்வொரு கட்டமும் ஒழுங்காக இருக்கலாம், முதல் காகிதமே பொய் என்றால் கீழே வரும் எல்லாமே பொய்.

இதற்குப் பிறகு விதிகள் இறுகின, ஜின்னிங் கட்டத்திலேயே மரபணுச் சோதனை கேட்பது கூடியது. என் கணக்கில் ஏமாற்று அதிகம் நடப்பது அவசர ஆர்டரில்தான். திடீரென்று ஒரு பெரிய பிராண்ட் 50 டன் ஆர்கானிக் நூல் அடுத்த மாதமே வேண்டும், விலையும் சாதா விலையை ஒட்டி வேண்டும் என்றால் அந்தச் சரக்கு எங்கிருந்து வரும்? விதைக்கும் முன்பே விவசாயக் குழுவோடு பேசி ஒப்பந்தம் போட்டு வாங்குகிறவர்களிடம் இந்தச் சந்தேகம் குறைவு.

8. ஆர்கானிக்னா கலரே இருக்கக் கூடாதுல்ல? இல்ல இயற்கைச் சாயம்தான் போடுவாங்களா?

இரண்டுமே தேவையில்லை. காட்ஸ் துணிக்கு ரசாயனச் சாயம் போடலாம், ஆனால் அனுமதிப் பட்டியலில் இருக்கும் சாயம்தான். புற்றுநோய் உண்டாக்கும் அமின்களை வெளிவிடும் அசோ சாயம் கூடாது, குளோரின் வெளுப்புக்குப் பதில் பெராக்சைடு மாதிரி ஆக்சிஜன் வெளுப்பு, ஃபார்மால்டிஹைடுக்குத் தடை. தையல் நூல் பாலியெஸ்டராக இருக்கலாம், லெக்கிங்ஸில் இழுபடுவதற்காகக் கொஞ்சம் எலாஸ்டேன் இருக்கலாம். இயற்கைச் சாயம் எனக்கும் பிடிக்கும், ஆனால் அதற்கும் சாயம் பிடிக்க வைக்கும் உப்புகள் வேண்டும், சிலர் பழைய முறையில் குரோமியம் போடுகிறார்கள், அது நல்லதில்லை.

9. சாயம் போட்டா கழிவு? நொய்யலை நாசம் பண்ணினது இந்த பனியன் கம்பெனிங்கதானே?

ஆமாம். இதைத் திருப்பூர்க்காரன் மறுக்கக் கூடாது. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992இல் திறக்கப்பட்டது. சில வருஷங்களிலேயே அதில் சாயத் தண்ணீர் தேங்கி, அணையைத் திறந்தாலும் சிரமம், மூடினாலும் சிரமம் என்றாகி, பாசனம் கேட்ட விவசாயிகளே தண்ணீர் வேண்டாம் என்றார்கள். கிணறுகள் உப்பாகிப்போயின. வழக்கு மேல் வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவை வெளியே விடும் பட்டறைகளை மூடச் சொன்னது, 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் நின்றன.

பிரச்சினையின் மையம் உப்பு. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர்ந்த நேவி புளூவோ கறுப்போ என்றால் லிட்டருக்கு 80 கிராம் வரை போடுவார்கள், ஒரு கிலோ துணிக்கு ஆறு லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலும் அரைக் கிலோ உப்பு. அதில் துணியோடு போவது ஒன்றுமில்லை, அத்தனையும் கழிவுநீரில்தான். இப்போது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவை உயிரியல் முறையில் சுத்தம் செய்து, ஆர்.ஓ.வில் வடித்து, மிஞ்சிய உப்புநீரை ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறார்கள். பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆவியாக்கும் வேலை ஏராளமான எரிபொருள் தின்கிறது, பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்கிறது, மழை நாளில் ஆற்றில் நுரை வந்த செய்தியும் அவ்வப்போது வரத்தான் செய்கிறது. முடிந்தால் சாயமே போடாத இயல்பு வெள்ளையோ வெளிர் நிறமோ வாங்குங்கள், உப்புச் செலவு அங்கேயே இறங்கிவிடும்.

10. ஆர்கானிக்னா 91 சதவீதம் தண்ணி மிச்சம்னு படிச்சேன், நிஜமா?

அந்த எண் 2014இல் வந்த ஓர் ஆய்விலிருந்து வருகிறது. அதில் பார்த்த ஆர்கானிக் காடுகளில் பெரும்பகுதி மானாவாரி. ஒப்பிட்ட சாதாப் பருத்தியின் கணக்கு வேறு இடங்களிலிருந்து, வேறு ஆய்விலிருந்து எடுத்தது. மானாவாரியையும் பாசனத்தையும் ஒப்பிட்டால் எதை வைத்துப் பார்த்தாலும் பெரிய வித்தியாசம்தான் வரும். கருங்கண்ணிக்கும் பாசன ஆர்கானிக்குக்கும் இடையிலேயே அதே அளவு வித்தியாசம் வரலாம். ‘ஒரு டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர்’ என்பதும் எந்த ஊர், எந்த நிலம் என்று சொல்லாத வரைக்கும் பெரிதாக எதையும் உணர்த்தாது.

மண்ணில் தொழு உரமும் இலைதழையும் சேர்ந்தால் ஈரம் அதிக நாள் நிற்கும், கிணற்றில் மருந்து இறங்காது. இவை உறுதியான நன்மைகள். அதற்கு மேல் சதவீதம் போட்டு விற்கிற விளம்பரத்தை நான் என் வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவதில்லை.

11. அப்போ தைக்கிறவங்களுக்கும் நல்ல சம்பளம்னு அர்த்தமா?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஆர்கானிக் என்ற சொல் காட்டைப் பற்றியது. காட்ஸ் அதோடு நிற்காமல் குழந்தைத் தொழில், கட்டாய வேலை கூடாது, சங்கம் சேர உரிமை வேண்டும், சட்டப்படி சம்பளம் வேண்டும் என்றெல்லாம் கேட்கிறது. கொடுக்கும் சம்பளத்துக்கும் குடும்பம் கௌரவமாக வாழத் தேவையான சம்பளத்துக்கும் உள்ள இடைவெளியைக் கணக்குப் போடச் சொல்கிறது. கணக்குப் போடுவது வேறு, அந்த இடைவெளியை அடைப்பது வேறு. அடைக்க வேண்டிய பணம் வாங்குகிறவர் கொடுக்கும் விலையில் இருந்துதான் வர வேண்டும், பீஸுக்கு ஐந்து ரூபாய் குறையுங்கள் என்று மெயில் போட்டுக்கொண்டே வாழ்வூதியம் பற்றிப் பேச முடியாது.

நூற்பாலை இன்னும் கவலைக்குரியது. மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஏழைக் குடும்பப் பெண்பிள்ளைகளைச் சேர்த்த சுமங்கலித் திட்டம் நம் மாவட்டங்களில்தான் நடந்தது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருவர் அவருடைய மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டார். அதன் பிறகு பெண் தொழிலாளர் சங்கம் போராடி, 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. 25 பேருக்கு ஒருவர் வீதம் தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்று, பாலியல் தொல்லையைப் பற்றிப் பயமில்லாமல் புகார் சொல்ல வழி செய்தது அது. வருஷத்துக்கு ஒருமுறை கோப்பைப் புரட்டிவிட்டுப் போகிற தணிக்கையால் கண்டுபிடிக்க முடியாததை ஷிஃப்டில் பக்கத்தில் நிற்கிற பெண் கண்டுபிடிப்பார். எந்த பிராண்டையும் நான் முதலில் கேட்பது உங்கள் ஆலையில் சங்கம் இருக்கிறதா என்றுதான்.

12. விவசாயிக்குக் கூட கொடுக்கறதால தான் இவ்ளோ விலையா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரியவர்கள் போடும் ஒரு டி-ஷர்ட் சுமார் 150 கிராம். கட்டிங்கிலும் நூற்பிலும் கழிவது போகத் திருப்பிக் கணக்கிட்டால் கால் கிலோவுக்குச் சற்று மேல் பஞ்சு, விதையோடு சேர்ந்த பருத்தியாக முக்கால் கிலோ. குவிண்டால் 8,000 ரூபாய் என்று வையுங்கள், ஒரு டி-ஷர்ட்டுக்கான பருத்தி 60 ரூபாய். விவசாயிக்குக் கூடுதல் விலை 20 சதவீதம் என்று தாராளமாகவே கொடுத்தாலும் 12 ரூபாய்தான் கூடும்.

மீதி எங்கே போகிறது? சின்ன லாட் என்பதால் ஒவ்வொரு கட்டத்திலும் மெஷினை நிறுத்திச் சுத்தம் செய்கிற செலவு, சான்றுக் கட்டணம், டிசி கட்டணம், அப்புறம் பிராண்டின் லாபம். முதல் மூன்றும் நியாயம். கடைசியைப் பற்றி நீங்களே கேளுங்கள்: சாதா சட்டையைவிட 600 ரூபாய் கூட வைத்து விற்கிற பிராண்ட், காட்டுக்கு எவ்வளவு போகிறது என்று சொல்லத் தயாராக இருக்கிறதா? சொல்கிற சில சின்ன பிராண்டுகள் இருக்கின்றன, அவர்களிடம் வாங்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை.

13. குழந்தைக்கு சாதா காட்டன் போட்டா ஆபத்தா?

இல்லை. பயமுறுத்தி விற்பது எனக்குப் பிடிக்காது. 6இல் சொன்ன மாதிரி பூச்சிமருந்து எச்சம் பெரும்பாலும் பட்டறையிலேயே கழுவிப்போகும். குழந்தையின் தோலுக்குத் தொல்லை வந்தால் அது சாயம், பிரிண்ட், சுருங்காமல் இருக்கப் போடும் ஃபினிஷிங்கால்தான் வர வாய்ப்பு அதிகம். அதைத் தவிர்க்கக் காட்ஸ் உதவும். ஆர்கானிக் இல்லாத துணியில் ஓகோ-டெக்ஸ் 100 லேபிளும் உதவும், அது முடிந்த துணியில் நச்சு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். புதுத் துணியை ஒருமுறை அலசிப் போடுங்கள். அண்ணன் போட்டுப் பழசான சட்டை எல்லாவற்றையும்விட மேல்.

14. ஓசிஎஸ், பெட்டர் காட்டன் எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. ஓசிஎஸ் என்றால் ஆர்கானிக் பஞ்சு எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கணக்கு, சாயத்தையோ சம்பளத்தையோ கேட்காது. பெட்டர் காட்டன் ஆர்கானிக்கே இல்லை, பி.டி. விதைக்கும் மருந்துக்கும் அதில் இடம் உண்டு, குறைத்துப் போடக் கற்றுக்கொடுக்கிறார்கள். அதுவும் பயனுள்ள வேலைதான், ஆனால் அதை ஆர்கானிக் விலைக்கு வாங்காதீர்கள். ‘ஈகோ’, ‘கிரீன்’, ‘நேச்சுரல்’ என்று மட்டும் இருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை.

15. காட்ஸ் துணி வாங்கி, பக்கத்துல ஒரு யூனிட்ல தைச்சு லோகோ போட்டுக்கலாமா?

போட முடியாது, இந்தக் கேள்வி இன்ஸ்டாகிராமில் கடை தொடங்குகிறவர்களிடமிருந்து வாராவாரம் வருகிறது. சங்கிலியில் கடைசித் தையல் வரைக்கும் எல்லோரும் சான்று பெற்றிருந்தால்தான் லோகோ. ‘காட்ஸ் துணியில் தைத்தது’ என்று எழுதுவதும் விதிப்படி கூடாது. சான்று பெற்ற யூனிட்டில் லேபிளோடு தைத்து வாங்கி அப்படியே வாடிக்கையாளருக்கு விற்றால் உங்களுக்குத் தனிச் சான்று வேண்டியதில்லை. அந்த யூனிட் எவ்வளவு குறைந்த பீஸ் எடுக்கும் என்பதுதான் உங்கள் தலைவலி, இரண்டு மூன்று சின்ன பிராண்டுகள் ஒரே துணியை, ஒரே வெளிர் நிறத்தைச் சேர்ந்து வாங்கினால் வழி பிறக்கும்.

16. எங்களுக்கு 3 ஏக்கர் இருக்கு. ஆர்கானிக் பருத்தி போடலாமா?

போடுவதற்கு முன்னால் வாங்குகிறவரைத் தேடுங்கள். தனி ஆளாகச் சான்று வாங்கினால் கட்டணம் கட்டுப்படியாகாது, அரசின் தேசிய ஆர்கானிக் திட்டத்தில் 25 முதல் 500 விவசாயிகள் வரை ஒரு குழுவாகச் சேர்ந்து வாங்கலாம். விவசாயிகளே ஒருவர் காட்டை ஒருவர் பார்த்துக் கொடுக்கும் பங்கேற்பு முறைச் சான்று மலிவு, உள்ளூர்ச் சந்தைக்கு நல்லது, ஆனால் அதை வைத்துக் காட்ஸ் சங்கிலிக்குள் போக முடியாது, வெளியார் தணிக்கை அங்கே கட்டாயம்.

அடுத்து ஜின்னிங். பக்கத்தில் சான்று பெற்ற ஜின்னிங் ஆலை இல்லையென்றால் நீங்கள் பாடுபட்டு எடுத்த பருத்தி சாதாப் பருத்தியோடு கலந்துவிடும், விலையும் சாதா விலைதான். மூன்று ஏக்கரிலும் பருத்தியே போட வேண்டாம், 2இல் சொன்ன தட்டைப்பயறும் ஊடே உளுந்தும் இருந்தால் வீட்டுச் சாப்பாட்டுக்கும் ஆகும், மாற்றுக்கால வருஷத்தில் கைச்செலவுக்கும் ஆகும். ஆனி, ஆடியில் விதை தேடி அலையாமல் மாசியிலேயே விதைக்குச் சொல்லி வையுங்கள்.